இரட்டைக் குடியுரிமையும் வெளிநாட்டு உறவுகளும்: அமெரிக்கப் பாதுகாப்பு அனுமதிக்குத் தடையா?

ஈப்போவில் வசிக்கும் ஒரு தாயாருக்கு அமெரிக்காவிலிருந்து மகன் தொலைபேசியில் பேசுகிறார் என்று வைத்துக்கொள்வோம். நலம் விசாரித்து முடிந்ததும் அவர் கேட்கும் கேள்விகள் தாயாரைத் திகைக்க வைக்கின்றன. "அம்மா, உங்க பொறந்த தேதி ஐ.சி.யில என்ன போட்டிருக்கு? அப்பா கடைசியா வேலை செஞ்ச இடத்து முகவரி இருக்கா? அண்ணன் இன்னும் கவர்மெண்டு வேலையிலதான இருக்காரு? என்ன பதவி?" தாயார் பதில் சொல்லிவிட்டுத் திருப்பிக் கேட்கிறார்: "ஏம்ப்பா, வேலை உனக்குத்தான? எங்களைப் பத்தி எதுக்கு விசாரிக்கிறாங்க? நாங்க இங்க இருக்கறது உனக்கு இடைஞ்சலா?"

இது கற்பனைக் காட்சிதான். ஆனால், பிள்ளைகள் அமெரிக்காவில் படித்து, அங்கேயே வேலை பார்த்து, குடியுரிமையும் பெற்றுவிட்ட குடும்பங்களில் இத்தகைய உரையாடல் நடப்பதில் வியப்பில்லை. விமானம், செயற்கைக்கோள், கணினிப் பாதுகாப்பு ஆகிய துறைகளில் உள்ள பல நல்ல வேலைகளுக்கு அங்கே பட்டமும் அனுபவமும் மட்டும் போதாது. 'செக்யூரிட்டி கிளியரன்ஸ்' எனப்படும் பாதுகாப்பு அனுமதியும் வேண்டும். அந்த அனுமதிக்கான விசாரணையில் ஈப்போ தாயாரும் ஒரு பகுதியாகிவிடுகிறார். இரண்டு நாட்டுக் குடியுரிமை இருந்தால் அனுமதி கிடைக்காது, வெளிநாட்டில் பெற்றோர் இருந்தால் விண்ணப்பிப்பதே வீண் என்றெல்லாம் நம்மவரிடையே பேச்சு உண்டு. உண்மை நிலை என்ன என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

அனுமதி என்றால் என்ன?

அமெரிக்க அரசாங்கத்தின் இரகசியத் தகவல்கள் மூன்று நிலைகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன: அந்தரங்கம், இரகசியம், உச்ச இரகசியம். இவற்றைப் பார்வையிடும் தகுதிதான் பாதுகாப்பு அனுமதி. 2019ஆம் ஆண்டு அக்டோபர் நிலவரப்படி இத்தகுதியைப் பெற்றிருந்தோர் சுமார் 4.2 மில்லியன் பேர். இராணுவத்தினரும் அரசு ஊழியர்களும் மட்டுமல்ல, அரசாங்கக் குத்தகையை எடுத்து நடத்தும் தனியார் நிறுவனங்களின் பொறியாளர்கள், கணினி வல்லுநர்கள், மொழிபெயர்ப்பாளர்கள் எனப் பலரும் இதில் அடங்குவர்.

இதில் இரண்டு செய்திகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். முதலாவது, தனி ஒருவர் தாமாகவே இதற்கு விண்ணப்பிக்க முடியாது. வேலைக்கு அமர்த்தும் நிறுவனமோ அரசுத் துறையோதான் அவருக்காக விசாரணையைத் தொடங்க வேண்டும். இரண்டாவது, விண்ணப்பிப்பவர் அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டும். 1995இல் அதிபர் கிளிண்டன் பிறப்பித்த 12968ஆம் எண் நிர்வாக ஆணை இதைத் தெளிவாகச் சொல்கிறது. கிரீன் கார்டு வைத்திருப்பவர் பல ஆண்டுகள் அங்கே வாழ்ந்திருந்தாலும் முழு அனுமதி பெற முடியாது. அரிய திறமை உள்ள சிலருக்கு மட்டும் குறுகிய வரம்புக்குட்பட்ட அனுமதி தரப்படுவதுண்டு. பிறப்பால் குடியுரிமை பெற்றவர், பின்னர் சத்தியப் பிரமாணம் எடுத்துக் குடியுரிமை பெற்றவர் என்ற பேதம் அந்த ஆணையில் கிடையாது.

அனுமதி ஒருவரின் உரிமையா என்ற கேள்வி 1988இல் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. கடற்படைத் துறைக்கும் ஈகன் என்ற ஊழியருக்கும் இடையே நடந்த அந்த வழக்கில், பாதுகாப்பு அனுமதி பெறும் உரிமை எவருக்கும் இல்லை என்று நீதிமன்றம் கூறிவிட்டது. சந்தேகம் எழுந்தால் அது நாட்டுக்குச் சாதகமாகத் தீர்க்கப்படும். குற்றவியல் வழக்கில் சந்தேகத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்குப் போகும். இங்கே அது தலைகீழ். இந்த ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொள்ளாமல்தான் பலர், "நான் என்ன தப்பு செய்தேன்?" என்று கேட்டுத் தவிக்கிறார்கள். தவறே செய்யாதவருக்கும் அனுமதி மறுக்கப்படலாம்.

பதின்மூன்றில் இரண்டு

ஒருவரை எடைபோட அதிகாரிகள் கையாளும் வழிகாட்டி நெறிகள் மொத்தம் 13. கடன், குடிப்பழக்கம், போதைப்பொருள், குற்றப் பதிவு எனப் பலவும் அவற்றில் உண்டு. நம்மவருக்கு நேரடியாகத் தொடர்புடையவை 'பி', 'சி' என்ற இரண்டு நெறிகள். இவ்விரண்டையும் பலர் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

'சி' நெறி, விண்ணப்பதாரரின் மனம் எந்த நாட்டின் பக்கம் சாய்கிறது என்று பார்க்கிறது. இன்னொரு நாட்டின் குடியுரிமை, கடப்பிதழ், அந்நாட்டு அரசாங்கத்திலோ இராணுவத்திலோ பதவி ஆகியவை இதில் வரும். 'பி' நெறி கேட்பது வேறு: இவர் மனத்தால் அமெரிக்கப் பற்றாளராகவே இருக்கட்டும், வெளிநாட்டில் உள்ள இவருடைய தாயையோ தம்பியையோ காட்டி மிரட்டி, யாராவது இவரை வளைக்க முடியுமா? முதலாவது விசுவாசத்தைப் பற்றியது, இரண்டாவது பலவீனத்தைப் பற்றியது. அனுமதி கேட்டு வரும் குடியேறிகளைப் பெரும்பாலும் சிக்கலில் மாட்டுவது இரட்டைக் குடியுரிமை அல்ல, இந்த இரண்டாவது கேள்விதான்.

கத்தரிக்கோலுக்கு இரையான கடப்பிதழ்கள்

இரட்டைக் குடியுரிமை பற்றிய அச்சம் காரணமின்றி வந்ததல்ல. 2000ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அமெரிக்கத் தற்காப்புத் துறை ஒரு கண்டிப்பான குறிப்பை வெளியிட்டது. வேறு நாட்டுக் கடப்பிதழை வைத்திருப்பவர் அதை ஒப்படைக்க வேண்டும், அல்லது வைத்திருக்க அரசாங்கத்தின் அதிகாரபூர்வ ஒப்புதலைக் காட்ட வேண்டும். இல்லையேல் அனுமதி கிடையாது. 2005 இறுதியில் வந்த நெறிகள் கொஞ்சம் விளக்கமாகவே சொல்லின: கடப்பிதழ் அழிக்கப்பட்டிருக்க வேண்டும், அல்லது பாதுகாப்பு அதிகாரியிடம் ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டும், அல்லது செல்லாததாக்கப்பட்டிருக்க வேண்டும். நிறுவனத்தின் பாதுகாப்பு அதிகாரி முன்னிலையில் பழைய நாட்டுக் கடப்பிதழைக் கத்தரித்துப் போட்டவர்கள் உண்டு. கடப்பிதழ் அதை வழங்கிய நாட்டின் சொத்து. அதை இன்னொரு நாட்டு அலுவலகத்தில் கத்தரிப்பது முறையா என்பது வேறு கேள்வி. ஆனால் வேலை வேண்டியவர் அதையெல்லாம் யோசித்துக்கொண்டிருக்க முடியுமா?

2017ஆம் ஆண்டு ஜூன் 8ஆம் தேதி நடப்புக்கு வந்த புதிய நெறிகள் இந்த நிலையை மாற்றின. தேசிய உளவுத்துறை இயக்குநர் 2016 டிசம்பரில் கையொப்பமிட்ட அந்த ஆணை, இன்னொரு நாட்டின் குடிமகனாக இருப்பது மட்டுமே தகுதியிழப்புக்குக் காரணமாகாது என்று வெளிப்படையாகக் கூறுகிறது. அமெரிக்க நலனோடு மோதல் இருப்பதாக ஆதாரம் இருந்தாலோ, மறைக்க முயன்றிருந்தாலோதான் சிக்கல். கடப்பிதழை அழிக்கும்படி கேட்பதும் இல்லை. கேட்கப்படுபவை இரண்டே: வேறு நாட்டுக் கடப்பிதழ் இருப்பதைச் சொல்லிவிட வேண்டும், அமெரிக்காவுக்குள் நுழையும்போதும் வெளியேறும்போதும் அமெரிக்கக் கடப்பிதழையே காட்ட வேண்டும்.

இங்கே ஒரு முரண்பாட்டையும் சொல்லத்தான் வேண்டும். அமெரிக்கக் குடிமகனாகும் ஒருவர் பழைய நாட்டின் மீதான விசுவாசத்தை அறவே துறப்பதாகக் கை உயர்த்திச் சத்தியம் செய்கிறார். ஆனால் அந்தச் சத்தியத்துக்குப் பிறகு பழைய குடியுரிமையை விட்டதற்கான சான்றை அமெரிக்கச் சட்டம் கேட்பதில்லை. 1967இல் அஃப்ரோயிம் வழக்கில், இஸ்ரேலியத் தேர்தலில் வாக்களித்த ஒருவரின் அமெரிக்கக் குடியுரிமையை அரசாங்கம் பறிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆக, சட்டம் ஒரு கண்ணை மூடிக்கொண்டிருக்க, பாதுகாப்பு விசாரணை மட்டும் இரு கண்களையும் திறந்து வைத்திருந்தது. 2017க்குப் பிறகுதான் இரண்டும் ஓரளவு ஒத்துப் போகின்றன.

தாயின் பாசம் எப்படி ஆபத்தாகிறது?

இனி 'பி' நெறிக்கு வருவோம். விண்ணப்பதாரர் நிரப்ப வேண்டிய எஸ்.எப். 86 என்ற பாரம் நூறு பக்கங்களைத் தாண்டும். அதில் பெற்றோர், வளர்ப்புப் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள், மாமனார், மாமியார் எல்லாரையும் எழுத வேண்டும். வெளிநாட்டில் வாழும் வெளிநாட்டவர் என்றால் அவருடைய முகவரி, முதலாளி, அந்நாட்டு அரசாங்கத்தோடோ இராணுவத்தோடோ உள்ள தொடர்பு, எவ்வளவு நாளைக்கு ஒரு முறை பேசுகிறீர்கள், தொலைபேசியிலா நேரிலா என்பது வரை கேட்கப்படும். சித்தப்பா மகனோ பள்ளித் தோழனோ குடும்பப் பட்டியலில் இல்லை. ஆனால் கடந்த ஏழு ஆண்டுகளில் பாசத்தாலோ கடமையாலோ நெருங்கிய தொடர்பு இருந்திருந்தால் அவர்களையும் வேறொரு பகுதியில் எழுதியாக வேண்டும். சித்தப்பா மகனையும் தம்பி என்றே அழைத்து வளர்ந்த குடும்பங்களில் இந்தப் பட்டியல் எங்கே முடியும் என்று சொல்வது கடினம்.

உறவினர் பெயர் இருப்பதாலேயே அனுமதி மறுக்கப்படுவதில்லை. அதிகாரிகள் பார்ப்பது, அந்த உறவால் மிரட்டலுக்கோ வசப்படுத்தலுக்கோ ஆளாகும் ஆபத்து கூடுகிறதா என்பதையே. முதலில் நாட்டைப் பார்க்கிறார்கள். அந்த நாடு அமெரிக்காவை உளவு பார்க்கிறதா, தன் மக்களை மிரட்டும் வழக்கமுடையதா, அங்கே பயங்கரவாத அமைப்புகள் இயங்குகின்றனவா? சீனாவிலோ ஈரானிலோ உள்ள தாயும், கனடாவில் உள்ள தாயும் இந்தத் தராசில் ஒரே எடை அல்ல. இந்தியாவும் மலேசியாவும் சிங்கப்பூரும் அமெரிக்காவோடு நல்லுறவு உள்ள நாடுகள்தான். ஆனால் நட்பு நாடு என்பதாலேயே கேள்வி நின்றுவிடாது. நட்பு நாடுகளும் தொழில்நுட்ப இரகசியங்களைத் தேடுவதுண்டு என்பது அதிகாரிகளின் வாதம்.

அடுத்து, அந்த உறவினர் யார் என்று பார்க்கிறார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியையான தாய் ஒருவகை. இராணுவத்தில் கர்னலாக இருக்கும் அண்ணன் வேறு வகை. அதன் பிறகு பணம். ஈப்போவில் உள்ள பரம்பரை வீட்டில் பங்கு இருக்கிறதா? அதன் மதிப்பு எவ்வளவு? அமெரிக்காவில் உள்ள வீடு, சேமிப்பு, ஓய்வூதியம் ஆகியவற்றோடு ஒப்பிட்டால் அது சிறிதா பெரிதா? அமெரிக்காவில் ஐந்து லட்சம் டாலர் வீட்டில் குடியிருப்பவர், கம்போங் வீட்டில் நான்கில் ஒரு பங்குக்காக நாட்டைக் காட்டிக் கொடுப்பார் என்று எவரும் எளிதில் முடிவு கட்ட மாட்டார்கள். மாதந்தோறும் தாய்க்கு அனுப்பும் பணமும் கேட்கப்படும். நம் குடும்பங்களில் அது கடமை. விசாரணையிலோ அது நெருக்கத்தின் அளவுகோல்.

தற்காப்புத் துறையின் விசாரணை, மேல்முறையீட்டு அலுவலகம் தன் தீர்ப்புகளைப் பெயர்களை நீக்கிவிட்டு வெளியிடுகிறது. அவற்றில் அடிக்கடி வரும் ஒரு கோட்பாடு, மனைவியின் குடும்பத்தார் மீதும் கணவனுக்குப் பாசமோ கடமையோ உண்டு என்றே முதலில் எடுத்துக்கொள்ளப்படும் என்பது. இல்லை என்று காட்ட வேண்டிய பொறுப்பு விண்ணப்பதாரருடையது. நம்மவரில் எத்தனை மருமகன்கள், மாமியார் மீது தமக்குப் பாசமே இல்லை என்று சத்தியம் செய்து வேலை வாங்கத் துணிவார்களோ தெரியாது! அப்படிச் சொல்லத் தேவையும் இல்லை. பாசம் குற்றமல்ல என்பதை அந்தத் தீர்ப்புகளே ஏற்கின்றன. பாசத்தை எதிர் எடையாகச் சமன்செய்ய என்ன இருக்கிறது என்பதே கேள்வி. அமெரிக்காவில் எத்தனை ஆண்டுகள், மனைவி பிள்ளைகள் எங்கே, வேலையில் நற்பெயர் உண்டா, முன்பு இரகசியங்களைக் கையாண்டு நம்பகமாக நடந்துகொண்டாரா? இவையெல்லாம் சேர்ந்துதான் ஒருவர் முழு மனிதராக எடைபோடப்படுகிறார்.

அச்சம் நியாயமானதா?

நாட்டைக் காட்டிக் கொடுத்தவர்களின் பட்டியலைப் பார்த்தால் ஒரு நெருடல் எழுகிறது. கடற்படையின் சங்கேதக் குறியீடுகளைப் பல ஆண்டுகள் சோவியத் யூனியனுக்கு விற்று 1985இல் பிடிபட்ட ஜான் வாக்கர், சிஐஏவில் இருந்துகொண்டே உளவாளிகளின் பெயர்களை விற்று 1994இல் பிடிபட்ட ஆல்ட்ரிச் ஏம்ஸ், 2001இல் பிடிபட்ட எஃப்பிஐ அதிகாரி ராபர்ட் ஹான்சன் மூவரும் அமெரிக்காவிலேயே பிறந்தவர்கள். அவர்களை இழுத்தது பெரும்பாலும் பணம். கியூபாவுக்கு உளவு பார்த்து 2001இல் கைதான அனா மோன்டெஸ் என்ற பெண் அதிகாரியின் உடன்பிறந்தவர்கள் எஃப்பிஐயில் பணியாற்றியவர்கள்! இதைவிடப் பாதுகாப்பான குடும்பப் பின்னணி வேறு என்ன வேண்டும்?

பம்பாயில் பிறந்து அமெரிக்கக் குடியுரிமை பெற்ற பொறியாளர் நோஷிர் கோவாடியாவின் வழக்கும் நினைவுகூரத்தக்கது. பி-2 குண்டுவீச்சு விமானத்தின் வடிவமைப்பில் பங்காற்றியவர் அவர். இரகசியத் தொழில்நுட்பத்தை விற்றதாக 2005இல் கைதாகி, 2011இல் 32 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். அவர் விற்றது பிறந்த நாடான இந்தியாவுக்கு அல்ல, சீனாவுக்கு. ஹவாயில் வாங்கிய வீட்டின் கடன் நெருக்கியது என்பதே அரசுத் தரப்பு சொன்ன காரணம். உறவுப் பட்டியலை எவ்வளவு துருவிப் பார்த்திருந்தாலும் இவரைப் பிடித்திருக்க முடியாது.

அதற்காக 'பி' நெறி வெறும் சந்தேகப் புத்தி என்று தள்ளிவிடவும் முடியாது. 2018இல் வாஷிங்டனில் இருந்து வேலை செய்த உய்குர் மொழிச் செய்தியாளர்கள் சிலரின் உறவினர்கள் சின்ஜியாங்கில் பிடித்து வைக்கப்பட்டனர். அவர்கள் செய்தியாளர்களே தவிர, அரசாங்க இரகசியம் காப்பவர்கள் அல்லர். ஆயினும் கடலுக்கு அப்பால் உள்ள ஒருவரின் வாயை அடைக்க அவருடைய குடும்பத்தாரைப் பிடிக்கும் அரசுகள் உண்டு என்பதற்கு அது சாட்சி. நெறி தேவைதான். அது எல்லா நாட்டவர் மீதும் எல்லாக் குடும்பங்கள் மீதும் ஒரே விதமாகப் பாய்வதுதான் அநீதி.

அப்படிப் பாய்ந்த காலமும் உண்டு. உச்ச இரகசியத்துக்கு மேலாக உளவுத்துறைக்கே உரிய தகவல்களைக் காண வேண்டுமானால், முன்பு நெருங்கிய குடும்பத்தாரும் அமெரிக்கக் குடிமக்களாக இருக்க வேண்டும் என்ற விதி இருந்தது. இல்லாதவர் தனி விலக்குக் கேட்க வேண்டும். 2001 தாக்குதலுக்குப் பிறகு அரபு, பாஷ்டோ, உருது தெரிந்தவர்கள் அவசரமாகத் தேவைப்பட்டனர். அவர்களுடைய தாய்மார்களோ கெய்ரோவிலும் காபூலிலும் கராச்சியிலும் இருந்தனர். மொழி வேண்டும், மொழி பேசும் தாய் வேண்டாம் என்றால் எப்படி? 2008 அக்டோபரில் அந்த விதி தளர்த்தப்பட்டது.

இராணுவத்திலும் இதே கதைதான். தேவையான மொழியோ மருத்துவத் திறனோ உள்ள வெளிநாட்டவரைச் சேர்த்துக்கொண்டு விரைவில் குடியுரிமை தரும் 'மாவ்னி' என்ற திட்டம் 2008இல் அறிவிக்கப்பட்டது. தேவைப்படும் மொழிகளின் பட்டியலில் தமிழும் இருந்தது, மலாயும் சிங்களமும் மலையாளமும் இருந்தன. அந்தத் திட்டத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்தனர். 2016 செப்டம்பரில் பின்னணிச் சோதனைகள் கடுமையாக்கப்பட்டன. புதிய சேர்க்கை நின்றது. ஏற்கெனவே கையொப்பமிட்டவர்கள் சோதனை முடியாமல் மாதக்கணக்கில், சிலர் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். வெளிநாட்டில் பெற்றோர் இருப்பதே சிலருக்கு எதிராகச் சுட்டப்பட்டது. வெளிநாட்டில் பிறந்தவர் என்பதற்காகவே தேர்ந்தெடுக்கப்பட்டவர்களிடம் வெளிநாட்டில் ஏன் பெற்றோர் இருக்கிறார்கள் என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? விவகாரம் நீதிமன்றங்களுக்குப் போனது.

வெளியுறவுத் துறையில் வேறொரு பழக்கம் இருந்தது. அனுமதியைக் கொடுத்துவிட்டு, குறிப்பிட்ட நாடு தொடர்பான பணியில் மட்டும் அமர்த்த முடியாது என்று நிபந்தனை போடுவார்கள். பாஸ்டனில் பிறந்த கொரிய வம்சாவளியினரான ஆண்டி கிம் அத்துறையில் பணியாற்றியபோது, கொரியத் தீபகற்பம் சார்ந்த வேலையில் ஈடுபடக்கூடாது என்று கடிதம் பெற்றார். அந்த வேலைக்கு அவர் விண்ணப்பித்திருக்கவும் இல்லை. பின்னர் நாடாளுமன்ற உறுப்பினரான அவர் 2021இல் இதை வெளியில் சொன்னார். ஆசிய வம்சாவளி ஊழியர்கள் பலருக்கும் இதே அனுபவம் என்பது தெரிய வந்தது. 2023 மார்ச்சில் வெளியுறவு அமைச்சர் பிளிங்கன் அந்த நிபந்தனைப் பழக்கத்தை நிறுத்துவதாக அறிவித்தார். ஆண்டி கிம் 2024 டிசம்பர் முதல் நியூ ஜெர்சி மாநிலத்தின் செனட்டர்.

மறைப்பதே பெரிய பிழை

வெளியிடப்பட்ட தீர்ப்புகளைப் படிப்பவர்களுக்கு ஒன்று கண்ணில் படாமல் போகாது. உறவினர் இருந்ததால் தோற்றவர்களும் உண்டு. ஆனால் உறவினரை மறைத்ததால் தோற்றவர்களின் நிலைதான் மிகவும் பரிதாபமானது. சொல்லியிருந்தால் எளிதில் கடந்து போயிருக்கக்கூடிய ஒரு தம்பி, சொல்லாததால் நேர்மைக் குறைவுக்குச் சான்றாகிவிடுகிறார். அப்போது வழக்கு 'பி' நெறியிலிருந்து ஒழுக்கத்தைப் பற்றிய 'இ' நெறிக்கு மாறிவிடுகிறது. அதிலிருந்து மீள்வது கடினம். பாரத்தில் தெரிந்தே பொய் எழுதுவது ஐந்து ஆண்டுகள் வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமும் ஆகும்.

நம்மவர் பலர் பொய் சொல்லும் எண்ணத்தில் மறைப்பதில்லை. பழைய கடப்பிதழ் காலாவதியாகிவிட்டதே, எதற்குச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறார்கள். அக்காளோடு பேசியே நாளாயிற்று என்று விட்டுவிடுகிறார்கள். இதற்குப் பெயர் விவகாரமும் சேர்ந்துகொள்கிறது. தந்தையின் பெயரையே பின்னால் போட்டுக்கொள்ளும் குடும்பத்தில் அப்பா, மகன், பேரன் மூவருக்கும் கடைசிப் பெயர் மூன்று விதம். மலேசியப் பத்திரத்தில் 'ஏ/எல்' என்றும் 'ஏ/பி' என்றும் இருப்பது அமெரிக்கப் பாரத்தில் காணாமல் போகும். தோட்டப்புறத்தில் பிறந்த மூத்தவர்கள் சிலருக்குப் பிறப்பையே பிந்தித்தான் பதிந்தார்கள். ஐ.சி.யில் இருக்கும் தேதி ஒன்று, வீட்டில் சொல்லும் தேதி வேறு. இதில் பயப்பட ஏதுமில்லை. பாரத்திலேயே, தேதி உத்தேசமானது என்று குறிக்கக் கட்டம் இருக்கிறது. பத்திரத்தில் உள்ளபடி எழுதி, வேறுபாட்டைக் குறிப்புப் பகுதியில் விளக்கிவிட்டால் போதும்.

குடியுரிமை விஷயத்திலும் இங்குள்ள சட்டங்களைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. மலேசியாவும் சிங்கப்பூரும் இரட்டைக் குடியுரிமையை அனுமதிப்பதில்லை. ஆனால் மலேசிய அரசியலமைப்பின் 24ஆவது பிரிவின்படி, வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவரின் குடியுரிமையை அரசாங்கம் ஆணை பிறப்பித்துப் பறிக்கலாம். அது தானாகவே போய்விடுவதில்லை. ஆகவே, துறப்பதற்கான பாரத்தை நிரப்பிக் கொடுக்காமல் அமெரிக்கக் குடிமகனான ஒருவர், தாம் மலேசியர் அல்ல என்று நினைத்துக்கொண்டிருந்தாலும் ஏட்டில் மலேசியராகவே இருக்கக்கூடும். எஸ்.எப். 86 பாரம் இதை நேராகவே கேட்கும். சிங்கப்பூரில் தேசிய சேவை செய்தவர், வெளிநாட்டு இராணுவத்தில் இருந்திருக்கிறீர்களா என்ற கேள்விக்கு "ஆம்" என்றே எழுத வேண்டும். அது சட்டப்படி கட்டாயமாகச் செய்த சேவை என்பதை விளக்கலாம், விட்டுவிடக்கூடாது.

இந்தியாவிலிருந்து சென்றவர்களுக்கு வேறொரு குழப்பம். வேறு நாட்டுக் குடியுரிமையைத் தாமே விரும்பிப் பெற்றவர் இந்தியக் குடிமகனாக நீடிக்க முடியாது. 2005இல் சட்டத் திருத்தம் செய்து கொண்டுவரப்பட்ட ஓசிஐ அட்டையின் பெயரில் 'குடிமகன்' என்ற சொல் இருந்தாலும், அது வாக்குரிமையோ அரசுப் பதவியோ தராது. நீண்ட கால விசா போன்றதுதான் அது. இருந்தும், அட்டை இருப்பதைச் சொல்லி, அது என்ன என்பதையும் விளக்கிவிடுவதே பாதுகாப்பு.

அனுமதி கிடைத்த பிறகும் கதை முடிவதில்லை. 2017 ஜூனில் நடப்புக்கு வந்த இன்னோர் ஆணையின்படி, சொந்த வேலையாக வெளிநாடு போவதை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். தங்கை கல்யாணத்துக்கு ஈப்போ வந்து போவதும் அதில் அடங்கும். வெளிநாட்டவரோடு புதிதாக நெருங்கிய தொடர்பு ஏற்பட்டாலும், வேறு நாட்டுக் கடப்பிதழுக்கு விண்ணப்பித்தாலும் சொல்ல வேண்டும். ஐந்தாண்டுக்கோ பத்தாண்டுக்கோ ஒரு முறை நடந்துவந்த மறுவிசாரணைக்குப் பதிலாக இப்போது கணினி வழியே இடைவிடாத கண்காணிப்பு வந்துவிட்டது.

இவ்வளவு விவரத்தையும் வாங்கி வைத்துக்கொள்ளும் அரசாங்கம் அதைப் பத்திரமாகக் காத்ததா? 2015இல் வெளியான செய்தி எல்லாரையும் அதிர வைத்தது. அரசு ஊழியர் நிர்வாக அலுவலகத்தின் கணினிகளுக்குள் ஊடுருவியவர்கள் 21.5 மில்லியன் பேரின் பின்னணி விசாரணைப் பதிவுகளைத் திருடிச் சென்றிருந்தனர். அவற்றில் சுமார் 1.8 மில்லியன் பேர் விண்ணப்பிக்காதவர்கள், பெரும்பாலும் கணவன் மனைவியர். அமெரிக்க அதிகாரிகளின் விரல் சீனாவைக் காட்டியது. எந்த உறவினரைக் காட்டி மிரட்டக்கூடும் என்று பயந்து பட்டியல் வாங்கினார்களோ, அந்தப் பட்டியலே பறிபோனது. மறைக்காமல் எழுதியவர்களுக்கு அது பெரிய ஏமாற்றம்தான்.

மறுக்கப்பட்டால்?

அனுமதி மறுக்கப்படும் நிலை வந்தால், காரணங்களைப் பட்டியலிட்ட அறிக்கை விண்ணப்பதாரருக்கு அனுப்பப்படும். குத்தகை நிறுவன ஊழியர் என்றால் 20 நாட்களுக்குள் ஒவ்வொரு காரணத்துக்கும் சத்தியப் பிரமாணத்தோடு பதில் எழுத வேண்டும். விரும்பினால் நிர்வாக நீதிபதி முன் நேரில் விசாரணை கேட்கலாம். வழக்கறிஞரை வைத்துக்கொள்ளலாம், சாட்சிகளை அழைக்கலாம். தோற்றால் மேல்முறையீட்டு வாரியம் உண்டு.

இந்த வாய்ப்பும் சும்மா கிடைத்ததல்ல. வில்லியம் கிரீன் என்ற விமானப் பொறியாளர் ஆண்டுக்கு 18,000 டாலர் சம்பளத்தில் ஒரு நிறுவனத்தின் பொது மேலாளராக இருந்தவர். 1953இல் அவருடைய அனுமதி பறிக்கப்பட்டது. சாட்டப்பட்டவற்றில் முக்கியமானது, முன்னாள் மனைவிக்குக் கம்யூனிஸ்டுத் தொடர்புகள் இருந்தன என்பது. அவர்கள் 1947லேயே மணவிலக்குப் பெற்றுவிட்டார்கள். தமக்கு எதிராகப் பேசியவர்கள் யார் என்பது கூட கிரீனுக்குச் சொல்லப்படவில்லை. வேலை போய், 4,400 டாலர் சம்பளத்துக்கு வரைவாளர் வேலையில் சேர வேண்டியதாயிற்று. 1959இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. எதிர்ச் சாட்சியை நேருக்கு நேர் சந்திக்கவும் குறுக்கு விசாரணை செய்யவும் வாய்ப்புத் தராமல் இப்படி ஒருவரின் பிழைப்பைப் பறிக்க அதிபரோ நாடாளுமன்றமோ அதிகாரம் வழங்கவில்லை என்றது. அடுத்த ஆண்டே அதிபர் ஐசனோவர் புதிய ஆணை பிறப்பித்து, நிறுவன ஊழியர்களுக்கு விசாரணை நடைமுறையை ஏற்படுத்தினார்.

அந்த விசாரணையில் ஈப்போ மகன் நிற்க நேர்ந்தால், அவர் கொண்டுபோக வேண்டியவை தெளிவானவை: அமெரிக்காவில் தமக்குள்ள வீடு, சேமிப்பு, குடும்பம் பற்றிய பத்திரங்கள், மேலதிகாரிகளின் சாட்சியம், தாய்க்கு அனுப்பிய பணத்தின் கணக்கு, அண்ணன் பார்க்கும் அரசாங்க வேலை இராணுவத்தோடோ உளவுத்துறையோடோ தொடர்பில்லாதது என்பதற்கான விவரம். தாயாரோடு பேசுவதைக் குறைத்துக்கொள்ளும்படி எந்த நெறியும் சொல்லவில்லை. தினமும் பேசினால் தினமும் என்றே எழுதலாம்.